மெஹர் மேடத்தின் ‘இல்லை’ நோட்டு

செய்தி வந்தபோது நான் தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையின் மூன்றாவது மாடியில், மனைவியின் கைப்பைக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்துநான்கு வயதில் என்னை நம்பி ஒப்படைக்கப்படும் ஒரே பொறுப்பு அது. பக்கத்தில் என்னைப் போலவே இன்னும் மூன்று காவலர்கள். கைபேசி அதிர்ந்தது. ஜெயாக்கா. அடையாறில் நம் நூலகத்தில் கதவு திறப்பது, விளக்கணைப்பது, ஆய்வாளர்களை அதட்டுவது ஆகிய மூன்று துறைகளுக்கும் தலைவி.

“சார், மேடம் பூட்டாங்க சார்.”

“எப்ப?” என்றேன்.

“காலைல ஆறு மணிக்கு. அவங்க வூட்டுக்காரரு பாய்தான் போன் பண்ணாரு. சாய்ங்காலம் அஸர் தொழுகை முட்ச்சி எடுக்குறாங்களாம். நீ வர்றியா, இல்ல எங்கியாச்சும் குந்திக்கினு கீறியா?”

குந்திக்கினுதான் இருந்தேன். கைப்பையைப் பக்கத்துக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். அது தொடர்பான விசாரணை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

செத்துப்போனவரைப் பற்றி எழுதுகிறேன் என்று உட்காருகிறவர்கள் கடைசியில் தங்களைப் பற்றியே எழுதி முடிப்பார்கள் என்று இதே பத்திரிகையில் நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது என் முறை. பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் என் பங்கு கொஞ்சம் இருக்கிறது, அது பெருமைக்குரிய பங்கு இல்லை.

மெஹருன்னிசாவை உங்களில் பலருக்குத் தெரியும். நூலகத்தின் முதல் மாடி, ஆறு கணினிகள், அவற்றுக்கு எதிரே ஒரு மேசை, அதன் பின்னால் சாம்பல் நிறச் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டபடி மெஹர் மேடம். உலகத்து ஆய்விதழ்களின் கட்டுரைகளையெல்லாம் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்கள் இருக்கின்றனவே, சந்தா கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறப்பவை, அவற்றுக்குள் நுழைந்து வேண்டியதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. பயிர்நோய் படிக்கிறவரும் பழங்காசு படிக்கிறவரும் வந்து நிற்பார்கள். இருவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “உங்களுக்கு என்ன தெரியணும்? புத்தகத்து பாஷைல வேணாம். வீட்ல சொல்ற மாதிரி சொல்லுங்க.”

நான் அங்கே போனதற்குக் காரணம் கோபாலபுரத்தில் இருக்கும் என் மைத்துனர். ஒரு கல்யாணப் பந்தியில் யாரிடமோ என்னை, “இவரு ஜோக்கெல்லாம் எழுதுவாரு” என்று அறிமுகப்படுத்தினார். அந்த ‘எல்லாம்’ என்னைச் சுட்டுவிட்டது. மறு வாரமே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். தலைப்பு, தமிழ் வார இதழ்களின் நகைச்சுவைத் துணுக்குகள். ஆய்வுத் திட்டத்தைப் படித்த பேராசிரியர்கள் மூவரும் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. அதனாலேயே அனுமதி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் தேடுபெட்டியில் நகைச்சுவைக்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் தட்டினேன். கட்டுரைகள் லட்சக்கணக்கில் கொட்டின. எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஒன்றுவிடாமல் இறக்கி, பென்டிரைவில் திணித்துக்கொண்டிருந்தேன். பின்னால் குரல் கேட்டது.

“ரைட்டர் சார், பெரிய பையா ஒண்ணு எடுத்தாரட்டுமா?”

“எதுக்கு மேடம்?”

“ஆடித் தள்ளுபடில அள்ளுற மாதிரி அள்ளுறீங்களே, அதான் கேட்டேன். இதுல எதைப் படிக்கப்போறீங்க?”

“எல்லாத்தையும்தான்.”

“அரே அல்லா!” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் இறக்கியதில் மூன்றைத் திறந்து காட்டினார். முதலாவது, பல் பிடுங்கும்போது கொடுக்கும் சிரிப்பு வாயுவைப் பற்றியது. இரண்டாவது, கழுதைப்புலியின் சிரிப்பு. மூன்றாவது, எதைக் கேட்டாலும் சிரிப்பே வராத ஒரு நோய்.

“இது உங்க வாசகர்களுக்கு இருக்குமோ?” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அன்று இரண்டு மணி நேரம் என்னை உட்காரவைத்து வறுத்தெடுத்தார். சேர்ந்து வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் அடைக்கச் சொன்னார். ஆண்டுக்கு எல்லை போடவைத்தார். துறை வல்லுநர்கள் சரிபார்த்த கட்டுரைகள் மட்டும் போதும் என்ற கட்டத்தில் குறியிடவைத்தார். லட்சம் ஆயிரமானது, ஆயிரம் நாற்பதானது, நாற்பது இரண்டானது. கடைசியாக ‘தமிழ்’ என்று சேர்த்ததும் திரையில் ஒரு முட்டை. பூஜ்யம்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் சிரித்தார்.

“எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. உங்களுக்கு என்ன மேடம் சிரிப்பு?”

“நிறையக் கிடைச்சா சந்தோஷப்படக் கூடாது சார். கேள்வி இன்னும் வேகலன்னு அர்த்தம். இப்ப பாருங்க, யாரும் எழுதலன்னு தெரிஞ்சுபோச்சு. போய் நீங்க எழுதுங்க.”

சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். காக்கி அட்டை, நூலால் தைத்த முதுகு. அதுதான் நாம் எல்லோரும் ‘இல்லை’ நோட்டு என்று கேலி பேசிய நோட்டு. தேதி, எந்தத் தளம், என்ன சொற்கள், என்ன எல்லைகள், என்ன முடிவு. கடைசிப் பத்திக்கு மேலே ‘ஏன்?’ என்று எழுதியிருக்கும். தேடிக் கிடைக்காதவை மட்டும்தான் அதில் ஏறும். ‘ஏன்?’ பத்தியில் ‘சொல் தவறு’, ‘தளம் தவறு’, ‘யாரும் எழுதவில்லை’ என்று காரணம் எழுதுவார், எல்லாம் ஆங்கிலத்தில். என் கணக்கில் அன்று ‘யாரும் எழுதவில்லை’ ஏறியது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. நானும் எழுதவில்லை.

“இதுல ஏறினதை யாரும் ரெண்டாவது தடவை தேடக் கூடாது” என்பது அவர் வைத்திருந்த சட்டம். “ஒருத்தர் பட்ட பாடு போதும். கிடைக்கலங்கறதும் ஒரு பதில்தான். அதையும் தேதி போட்டு எழுதணும்.” புதிதாக வருகிறவர்களிடம் கணினியைக் கொடுப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கொடுப்பார். ஜெயாக்கா அதைப் பார்த்து ஒருநாள், “உலகத்துல எல்லாரும் கீறதை எழுதுவாங்க, இந்தம்மா இல்லாததை எழுதிக்கினு கீது” என்றார். மேடத்துக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துவிட்டது.

அடுத்து நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு ஆதாரக் கட்டுரைகள் தேவைப்பட்டன. தேடச் சோம்பல். கேட்டால் உடனே பதில் சொல்லும் எந்திரங்கள் வந்துவிட்டனவே, ஒன்றிடம் கேட்டேன். பன்னிரண்டு கட்டுரைகளைத் தட்டில் வைத்துத் தந்தது. ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண், எல்லாம் கனகச்சிதம். அப்படியே ஒட்டி, மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறார். இதழ் இருக்கிறது. அந்த ஆண்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் குளத்து மீனுக்கு வரும் பூஞ்சை நோய் இருக்கிறது.

“இந்த ஏழாவது கட்டுரைய எழுதினது யாரு தெரியுமா சார்?”

“யாரு மேடம்?”

“நீங்க.”

உண்மைதான். என் பெயர், என் தலைப்பெழுத்து. எந்திரம் என்னையே எனக்கு ஆதாரமாகக் கொடுத்திருந்தது, நானும் கவனிக்காமல் ஒட்டியிருக்கிறேன். அதைவிட வெட்கம், ஒரு நிமிடம் ‘ஒருவேளை எழுதியிருப்பேனோ’ என்று யோசித்ததுதான். மேடம் சிரிக்கவில்லை. பன்னிரண்டையும் நோட்டில் ஏற்றி, ‘ஏன்?’ பத்தியில் ‘பிறக்கவே இல்லை’ என்று எழுதினார். பிறகு எனக்கு மட்டும் ஒரு விதி போட்டார்.

“பிறந்துச்சான்னு பாருங்க. அப்புறம் கடைசியா ஒரு தடவை, இன்னும் உசுரோட இருக்கான்னு பாருங்க.”

அது என்ன என்று கேட்டேன். வெளியான கட்டுரையில் பொய்யோ பெரிய பிழையோ இருப்பது தெரிந்தால், அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அறிவிக்குமாம். அந்த அறிவிப்பு இதழின் பக்கத்தில் இருக்கும். ஆனால் கட்டுரையின் பழைய பிரதிகள் வேறு இடங்களில், ஒன்றும் நடக்காதது போலக் கிடைத்துக்கொண்டே இருக்குமாம். “செத்தது தெரியாம ஊர் சுத்தும் சார். அதைக் கூட்டிட்டு வந்துடாதீங்க.”

தலையாட்டினேன். நான் நன்றாகத் தலையாட்டுவேன்.

போன ஆண்டு நிர்வாகக் குழு கூடி, தரவுத்தளங்களின் சந்தாவை நிறுத்தலாமா என்று பேசியது. எல்லாம்தான் இணையத்தில் சும்மா கிடைக்கிறதே என்பது அவர்கள் கட்சி. அப்படிக் கிடைப்பது பாதிதான், மீதி பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பது மேடத்தின் கட்சி. தளங்களை ஆட்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குச் சாட்சியாக அவர் ‘இல்லை’ நோட்டை எடுத்துவந்தார். வாசகர் சார்பில் பேச நான். மூன்று ஜோக்குகள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். மூன்றுக்கும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

பிறகு ஒருவர் நோட்டைப் புரட்டினார். நல்ல மனிதர், சாந்தமாகத்தான் கேட்டார். “மேடம், பக்கத்துக்குப் பக்கம் இல்லை, இல்லைன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. ஒண்ணுமே கிடைக்காத இடத்துக்கு எதுக்கு சந்தா?”

மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் நான்காவது ஜோக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியோடு நிறுத்துவது என்று ஒருமனதாக முடிந்தது.

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கிடைச்சவங்க எல்லாம் கட்டுரையோட போயிட்டாங்க சார். அதை எழுதி வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கிடைக்காதவங்களுக்காகத்தான நோட்டு போட்டேன்?” அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். நான் அதை அவமானம் என்று நினைத்தேன். நுரையீரல்.

நோயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை எங்களிடம் சொன்னபோது, தேடுசொல் தருவதைப் போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அரிதிலும் அரிதாம். மருத்துவமனையில், இதற்கு மருந்து இல்லை, இருக்கிற மூச்சைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மேடத்தின் கணவர் காதர் பாய்க்கு மயிலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை. வீடு கடைக்குப் பின்னாலேயே. அந்த வாரம் பார்க்கப் போனபோது அவர் என்னிடம்தான் முறையிட்டார். “ஊருக்கெல்லாம் தேடிக் குடுத்தா இல்ல சார்? அவளுக்குன்னு ஒரு தடவ தேட மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்க, நான் சொன்னா எங்க கேக்குறா!”

மேடம் கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார், “சொந்தக் கேள்விய சொந்தமா தேடக் கூடாது. கண்ணு நமக்குப் புடிச்சதையே பொறுக்கும்.”

“அப்ப நான் தேடுறேன்” என்றேன். சொன்னவுடன் பயமாக இருந்தது.

சந்தா முடியப் பதினைந்து நாள் இருந்தது. மூன்று நாள் நூலகத்திலேயே கிடந்தேன். வேளச்சேரியிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்து, ஜெயாக்கா கதவு திறக்கும்போதே நிற்பேன். என் முனைவர் பட்டத்துக்கு ஒரு நாளும் செய்யாத உழைப்பு. மேடம் சொல்லிக்கொடுத்தபடியே கேள்வியை வேகவைத்தேன், சொற்களை அடைத்தேன், எல்லை போட்டேன், ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரே ஒரு கட்டுரை அகப்பட்டது. சின்ன ஆய்வு, வேறொரு நோய்க்கான பழைய மருந்து, கொடுத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு மேல் மூச்சு திரும்பியிருக்கிறது. தளத்தில் சுருக்கம் மட்டும்தான் இருந்தது. முழுப் பிரதியை வெளியே ஒரு களஞ்சியத்தில் கண்டுபிடித்து அச்செடுத்தேன். ஜெயாக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “இன்னா சார், பாஸாயிட்டியா?” என்றார்.

மயிலாப்பூருக்கு ஓடினேன். கட்டிலருகே உட்கார்ந்து முழுக் கட்டுரையையும் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். காதர் பாய் கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு வந்து வாசல்நிலையில் நின்றார். நான் முடித்ததும், “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைச் சட்டை முனையில் துடைத்து நான் பார்த்தது அன்றுதான்.

மேடம் கடைசி வரி வரை கேட்டார். பிறகு, “அந்த மூச்சு திரும்பின இடத்தை இன்னொரு தடவை படிங்க சார்” என்றார். படித்தேன். “ஒழுங்கா தேடியிருக்கீங்க” என்றார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு. லஸ் முனையில் நான் காப்பி குடித்த கடையின் கடைக்காரர் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே வீடு போனேன்.

பாய் அச்செடுத்த தாள்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மருத்துவருக்காகப் பதினோரு நாள் காத்திருந்தார். அந்தப் பதினோரு நாளும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், மருந்து கிடைத்துவிட்டது, சம்சாரத்துக்குக் குணமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாம் நாள் மருத்துவர் தன் கணினியில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு உறையைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கட்டுரையை இதழ் எப்போதோ திரும்பப் பெற்றுவிட்டதாம். நோயாளிகளின் விவரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று அறிவிப்பு இருக்கிறதாம்.

பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனில், “சார், வேற எங்கியாச்சும் தேடலாமா?” என்று மட்டும் கேட்டார். அன்று மாதக் கடைசி. சாயங்காலம் நூலகக் கணினியில் நுழைந்தபோது, தங்கள் நிறுவனத்துக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி எனக்கு மட்டும் போட்ட விதி. அவ்வளவு சந்தோஷத்தில் அதைத்தான் விட்டுவிட்டேன். மேடத்தைப் பார்க்கும் துணிச்சல் வர மூன்று வாரமானது. போனபோது ஆக்சிஜன் குழாயோடு இருந்தார். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை ஆட்டித் தடுத்தார். “உங்க அத்தியாயம் என்னாச்சு?” என்றார். பொய் சொன்னேன். அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் ஒரு மாதம்.

ராயப்பேட்டை கபரஸ்தானுக்குப் பெண்கள் போகும் வழக்கம் இல்லையென்பதால் ஜெயாக்கா தெருமுனையோடு நின்றுவிட்டார். “நீ போ சார். மண்ணு போடுறப்ப எனுக்கும் சேத்துப் போடு.” போட்டேன். இந்த ஒரு காரியத்தையாவது சொன்னபடி செய்தேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போனபோது, பாய் ‘இல்லை’ நோட்டை என்னிடம் தந்தார். சந்தா நின்ற பிறகு நூலகத்தில் அதற்கு இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். படுத்த முதல் வாரமே ஜெயாக்காவைக் கொண்டுவரச் சொல்லித் தலையணைக்கடியில் வைத்திருந்தாராம். “இங்கிலீஷ்ல எழுதியிருக்கா சார். நமக்குப் புரியாது. நீங்க வெச்சுக்குங்க.”

திரும்பும் ரயிலில் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். படுக்கையில் எழுதிய கோணல் எழுத்து. அவர் தனக்காகத் தேடவே இல்லை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். தேடியிருக்கிறார். வீட்டிலிருந்து, நூலகத்தின் கடவுச்சொல்லைப் போட்டு, பாய் கடையில் இருந்த நேரங்களில். பத்தொன்பது வரிகள். பதினான்காவது வரியில் நான் கண்டுபிடித்த அதே கட்டுரை. தேதி, நான் போய் வாசித்துக்காட்டியதற்கு ஒன்பது நாள் முன்பு. ‘ஏன்?’ பத்தியில், ‘திரும்பப் பெறப்பட்டது.’

அப்படியானால் நான் வாசித்தபோதே அவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான், பாய் முகத்துக்காக, என் முகத்துக்காகச் சும்மா இருந்தார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. திருமயிலையிலிருந்து அடுத்த ஸ்டேஷனான மந்தைவெளி வரை அந்த ஆறுதல் தாங்கியது.

அப்புறம் கடைசி வரியைப் பார்த்தேன். பத்தொன்பதாவது. நான் வந்துபோன அதே நாளின் தேதி. அதே தளம், அதே சொற்கள், அதே கட்டுரை. அத்தனை வருட நோட்டில் இரண்டாவது முறை ஏறியிருக்கும் ஒரே வரி. முடிவு என்ற இடத்தில் ‘இல்லை’. ‘ஏன்?’ பத்தியில் எப்போதும் கிடைக்காததற்குக் காரணம் எழுதுகிறவர், அங்கே மட்டும் தான் தேடியதற்குக் காரணம் எழுதியிருந்தார். ஒரே வார்த்தை, அதுவும் தமிழில்: ‘ஒருவேளை’.

மேடத்திடமிருந்து தேடும் முறையைக் கற்றேன், பொறுமையைக் கற்றேன் என்றெல்லாம் எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். எதையும் கற்கவில்லை. என்னிடம் இருப்பது அந்த நோட்டு, அதில் அந்தக் கடைசி வரி. அவரிடம் ஏற்கெனவே ஓர் ‘இல்லை’ இருந்தது. அதை அவர் தேதி போட்டு எழுதி, மூடியும் வைத்துவிட்டார். நான் மூன்று நாள் உழைத்து இன்னொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.